அப்பாவின் பட்டறையை எங்கிருந்து திறப்பது?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தச்சுவேலையில் கைதேர்ந்த உங்கள் அப்பா கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று பூட்டிய பட்டறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. உள்ளே 1980களில் வாங்கிய ஒரு பிளானர் (பலகையை இழைக்கும் இயந்திரம்), ஒரு பேண்ட்சா (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்), ஒரு சிறிய மர லேத் (கடைசல் இயந்திரம்). பிளானரின் மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுற்றுவதில்லை, மேசைகளெல்லாம் துரு. நீங்கள் ஓராண்டாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். மரவேலை சிறு வயதிலிருந்தே பிடித்ததுதான் என்றாலும், கதவைத் திறந்து ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிறீர்கள். பழையதை எல்லாம் விற்றுவிட்டுப் புதிய இயந்திரங்களை வாங்கினால் ஊக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் விற்க வேண்டாம். மனச்சோர்வில் இருக்கும்போது திரும்பப் பெற முடியாத முடிவுகளைத் தள்ளிப்போடுவது நல்லது. நாற்பது ஆண்டு வார்ப்பிரும்பு இயந்திரத்தை விற்பது அப்படிப்பட்ட ஒரு முடிவு. வாங்குகிறவர் அதை இயந்திரமாகப் பார்க்க மாட்டார், கிலோக் கணக்கில் இரும்பாகத்தான் பார்ப்பார். அதே எடையும் அதே தடிமனும் உள்ள மேசையுடன் இன்று புதிதாக வாங்கப் போனால் விலை உங்களைத் திகைக்க வைக்கும். புதிய இயந்திரம் ஊக்கத்தைக் கொண்டுவருமா என்ற கேள்விக்கும் என் பதில் இல்லை என்பதே. வாங்கும் நாளில் ஒரு கிளர்ச்சி இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்த ஒரு வாரத்தில் அது அடங்கிவிடும். அதன் பிறகு, புதிதாக வாங்கியும் தொடவில்லையே என்ற குற்றவுணர்வு மட்டும் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும்.

நான் இதைத் தெரிந்து சொல்கிறேன். கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆலை மூடப்பட்ட பிறகு ஏழெட்டு மாதங்கள் எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போயிற்று. காலையில் எழுந்து பல் துலக்குவதே ஒரு வேலையாகத் தெரிந்தது. வீட்டு மாடியில் நான் ஆசையாக வைத்திருந்த பேண்ட்சா மேல் துணிகளைக் காயப்போடும் நிலைக்கு வந்துவிட்டது. என் மனைவிதான் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருந்து தந்ததோடு அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தோன்றும்போது செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், செய்த பிறகுதான் தோன்றும். அப்போது அது எனக்கு வெறும் ஆறுதல் வார்த்தையாகப் பட்டது. அதற்குப் பின்னால் ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மனச்சோர்வில் நாம் பிடித்த வேலைகளை ஒவ்வொன்றாக விடுகிறோம். விட விட, மனத்துக்கு நிறைவு தரும் தருணங்கள் குறைகின்றன. அவை குறையக் குறையச் சோர்வு இன்னும் ஆழமாகிறது. இந்தச் சுழலை 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் விரிவாக எழுதினார். 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். எண்ணங்களைச் சீர்செய்யும் முழுமையான சிகிச்சையை ஒரு சாராருக்கும், அதிலிருந்து செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இன்னொரு சாராருக்கும் கொடுத்துப் பார்த்ததில், இரண்டாவது சாராருக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன் கிடைத்தது. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர் பெற்ற அந்த முறையை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டிலேயே, கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேலும் அவருடன் பணியாற்றியவர்களும் 495 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். அங்கே சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகமானோர் தேறியிருந்தார்கள்.

ஆகவே உங்களுக்கு ஊக்கம் இல்லை என்பதை ஒரு குறையாக நினைத்து வருந்தாதீர்கள். அது நோயின் ஓர் அறிகுறி. காய்ச்சலில் உடம்பு சுடுவதைப் போல. ஊக்கம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்ற வரிசையை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றிக்கொள்வதற்கு, நீங்கள் சுமையாக நினைக்கும் பழைய இயந்திரங்களைப் போல ஏற்றவை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. புதிதாக ஒரு மேசை செய்ய வேண்டுமென்றால் அளவு யோசிக்க வேண்டும், மரம் வாங்க வேண்டும், எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்க்க வேண்டும். சோர்ந்த மனத்தால் முடியாதவை இவைதான். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவதற்கு எந்தக் கற்பனையும் தேவையில்லை. கழன்றதா, கழலவில்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

முதல் வேலையாக ஒன்றைச் சொல்கிறேன், இரண்டு நிமிடம்கூட ஆகாது. பேண்ட்சாவின் மேல் சக்கரத்துக்கு மேலே அல்லது பின்னால் பிளேடை இழுத்துப் பிடிக்கும் ஒரு திருகுக் கைப்பிடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதை இடப்பக்கமாகச் சுற்றி பிளேடைத் தளர விடுங்கள். இரண்டு ஆண்டுகளாக அந்த பிளேடு முறுக்கிய நிலையிலேயே நின்றிருக்கிறது. சக்கரங்களின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளமாகும், மேல் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கும் தொய்ந்துபோகும். தளர்த்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அன்றைக்கு அதுவே போதும். சட்டையை எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் இருக்கலாம். இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் முன் மட்டும் அதை, பெல்ட்டும் சக்கரமும் ஓடும் இடத்திலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் வேறோர் ஆணியில் மாட்டிவையுங்கள், அவ்வளவே. ஓடும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி ஆபத்தானது என்பதை உங்கள் அப்பாவும் அறிந்திருப்பார்.

அதற்கடுத்த சில வாரங்களுக்கு மின்சாரமே வேண்டாம். இதைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மனச்சோர்வில் தூக்கம் கெடுகிறது, கவனம் நழுவுகிறது. அதற்குத் தரும் மருந்துகள் சிலவும், தூக்கத்துக்காகச் சேர்த்துத் தரும் மாத்திரைகளும் மயக்கத்தையோ மந்தத்தையோ உண்டாக்கும். பிளானர் கத்தி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். ஒரு கணம் கண் அசந்தால் விரல் போய்விடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, சுழலும் கத்தியுள்ள இயந்திரத்தில் வேலை செய்யலாமா, எந்த நேரத்தில் செய்யலாம் என்று நேரடியாகக் கேளுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். தைராய்டு, பி12 பரிசோதனைகள் இதுவரை செய்யவில்லையென்றால் அதையும் கேட்டுவிடுங்கள். அவற்றின் குறைபாடும் இதே சோர்வைக் கொடுக்கக்கூடும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணமோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ எப்போதாவது வந்தால், பட்டறைச் சாவியை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐ அழையுங்கள். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி இயந்திரங்களுக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுப் பிளானரில் உண்மையில் வயதாகியிருப்பது எது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் பாரம் பாதி குறையும். வார்ப்பிரும்பு உடம்புக்கு வயது ஒரு பொருட்டில்லை. சாம்பல் வார்ப்பிரும்பில் கலந்திருக்கும் கிராஃபைட் இழைகள் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்துக் கனத்த மேசையில் இழைத்த பலகை அவ்வளவு வழவழப்பாக வருகிறது. வயதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், பெல்ட், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர், ஒயர் ஆகிய நான்கும்தான். நான்கையும் காந்திபுரத்திலோ டவுன்ஹால் பக்கமோ ஒரே மாலையில் வாங்கிவிடலாம். சரிசெய்ய முடியாதவை என்றால் இரண்டு: மேசையிலோ உடம்பிலோ விரிசல் விழுந்திருப்பது ஒன்று, கத்தி பொருத்தும் தண்டு வட்டமாக இல்லாமல் சதுரக் கட்டையாக இருப்பது மற்றொன்று. மிகப் பழைய பிளானர்களில் சதுரத் தண்டு உண்டு. விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடைவெளி அதில் பெரிதாக இருக்கும் என்பதால், அப்படி இருந்தால் அந்த இயந்திரத்தை ஓட்டவே வேண்டாம்.

துருவிலிருந்து தொடங்குங்கள். கத்தி இருக்கும் பிளவின் மேல் முதலில் ஒரு பலகையை வைத்துக் கட்டிவிடுங்கள். இயந்திரம் நின்றிருந்தாலும் அந்தக் கத்தி வெட்டும். மேசை மேல் மண்ணெண்ணெய் தெளித்து ஊறவிட்டு, பாத்திரம் துலக்கும் பச்சை நாரால் ஒரே திசையில், மேசையின் நீளவாக்கில் தேயுங்கள். சாணை மெஷினையோ முரட்டு எமரித் தாளையோ கொண்டுவராதீர்கள். துருவோடு சேர்ந்து மேசையின் மட்டமும் போய்விடும். கழற்றக்கூடிய சிறு பாகங்களை, கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமில உப்பைக் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள். புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிறோமே, அதே வேதியியல்தான் இங்கும் நடக்கிறது. காலையில் எடுத்துக் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செம்மை படரும். சுத்தமான மேசைக்குத் தேன்மெழுகையோ சாதாரண மெழுகுவர்த்தியையோ தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரத்தூளோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

ஒரு நாளுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மனநிலையைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யாமல், நேரத்தை முன்பே முடிவு செய்துவிடுங்கள். மாலை ஐந்து என்றால் ஐந்து. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் உற்சாகத்தில் மூன்று மணி நேரம் வேலை செய்துவிட்டு மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போவது இந்த நோயில் மிகச் சாதாரணம். நிறுத்தும்போது நாளைக்கு முதலில் கழற்ற வேண்டிய போல்ட்டின் மேலேயே ஸ்பேனரை மாட்டி வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு மிகவும் கைகொடுத்தது இந்தச் சின்னப் பழக்கம்தான். மறுநாள் உள்ளே போனால் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. கை தானாக ஸ்பேனருக்குப் போகும். ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, தொடங்கும் முன் மனம் பத்துக்கு எவ்வளவு, முடித்த பின் எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். நான் எழுதிய நோட்டில் முதல் இரண்டு வாரங்கள் 2, 3 என்ற எண்களைத் தவிர வேறில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லா நாளும் பின் எண் முன் எண்ணைவிட ஒன்றாவது கூடியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மருத்துவர் சொன்னதை நம்பினேன்.

பேரிங் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி உண்டு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் பட்டுத்துணியை இழுப்பது போல ஒரு மெல்லிய ஓசையோடு சுற்றும். கெட்டது மணலை மெல்வது போல நறநறக்கும். அதோடு ஒரு சுற்றில் ஒரே இடத்தில் ஒரு தடங்கல் விரலுக்குத் தெரியும். ஆலையில் இரவுப் பணியில் நூற்றுக்கணக்கான பேரிங்குகளை இப்படிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சோர்ந்த மாதங்களில் என் பேண்ட்சாவின் கீழ்ச் சக்கரத்தில் காதை வைத்தபோது, அந்த நறநறப்பைத் தவிர வேறெதையும் நினைக்காமல் நான் நின்றிருந்த சில நிமிடங்களை மறக்க முடியாது. பல வாரங்களுக்குப் பிறகு என் மனம் என்னைப் பற்றி நினைக்காமல் இருந்த முதல் நிமிடங்கள் அவை.

பேரிங்கின் விளிம்பில் 6205 போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு. 05 என்றால் 25 மில்லிமீட்டர். 04இலிருந்து மேலே இந்தக் கணக்கு பொருந்தும். மரத்தூள் பறக்கும் இடம் என்பதால் இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டில் பி 47 என்பது போல இருக்கும்; எழுத்து அகலத்தையும் எண் உள்சுற்றின் அங்குல நீளத்தையும் குறிக்கும். இரண்டு பெல்ட் ஓடும் புல்லியானால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பதைப் பற்றி. இனி ஒருமுறைகூட அப்படி ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். சுற்றாமல் உறுமும் ஒவ்வொரு நொடியும் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், சூடாகிறது. பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பேரிங். லகுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர். அது இல்லையென்றால் மோட்டாருக்குள் வேகம் வந்ததும் விலகும் சிறு ஸ்விட்சில் மரத்தூள் அடைத்திருக்கும். கண்டென்சரில் பிளக் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை நீங்கள் தொட வேண்டாம். மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் இடையே மின்கசிவு உண்டா என்று மெகர் என்ற சோதனைக் கருவியை வைத்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஒயர் விரலால் மடக்கினாலே பொடிந்து விழும். அது முழுவதையும் மாற்றி, எர்த் இணைப்பை ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதி செய்யாமல் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். கடைக்குப் போய் வருவதும் ஒரு வேலைதான், அதையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவருக்கு, காயில் கட்டுகிறவரோடு பத்து நிமிடம் நின்று பேசுவது மருந்துக்கு அடுத்தபடி நல்லது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கைவேலை. உங்கள் அப்பாவின் உளிகளில் ஒன்றை எடுங்கள், முக்கால் அங்குலம் போதும். எண்ணெய்க்கல்லில் சாய்வுப் பக்கத்தைத் தேயுங்கள். பின்பக்கத்தில் கட்டைவிரலைக் குறுக்காக இழுத்தால் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். முனை முழுவதும் அந்தப் பிசிர் வந்துவிட்டால் மறுபக்கத்தைக் கல்லில் படுக்கப் போட்டு இரண்டு இழுப்பு. பிறகு ஒரு தேக்குத் துண்டின் தலைமாட்டில், அதாவது நார் குறுக்காக வெட்டுப்பட்ட முகத்தில், வைத்துத் தள்ளிப் பாருங்கள். மழுங்கிய உளி அங்கே பொடியாக உதிர்க்கும். தீட்டிய உளி பளபளப்பான ஒரு பரப்பை விட்டுச் செல்லும், வருட வளையங்கள் எண்ணக்கூடியதாக இருக்கும்.

அந்த உளியும் ஒரு கைரம்பமும் மரத்தை அராவும் முள் அரமும் கொண்டு நீங்கள் செய்ய வேண்டிய முதல் பொருள், பிளானரில் பலகையைத் தள்ளுவதற்கான ஒரு தள்ளுகட்டை. கைப்பிடியும் நுனியில் ஒரு படியும் உள்ள சிறு கட்டை. விரல் கத்திக்கு அருகே போகாமல் காப்பது அதுதான். இரண்டாவதாக ஒரு மணை செய்யலாம். ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு சட்டங்கள். சட்டத்தை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும், விட்டுக்கொடுக்க இடமில்லாவிட்டால் வெடிக்கும். நடுவில் ஒரு திருகாணியை இறுக்கமாகவும், ஓரத்துத் திருகாணிகளை நீள்துளையிலும் போடுங்கள். மரத்தூளைச் சுவாசிக்காமல் முகமூடி அணிவதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

சில நாட்கள் கதவைத் திறந்து, ஒரு நிமிடம் நின்றுவிட்டு மூடுவதைத் தவிர எதுவும் முடியாமல் போகும். அந்த நாளையும் நோட்டில் எழுதுங்கள், கதவைத் திறந்தேன் என்று. இடையில் ஒரு வாரம் முழுவதும் போகாமல் விட்டுவிட்டால், மீண்டும் போகும் முதல் நாளில் விட்ட வேலையைத் தொடர முயலாமல், ஐந்து நிமிட வேலை ஒன்றைத் தேடிச் செய்யுங்கள். ஒரு தட்டைத் துடைப்பது, ஆணிகளைப் பிரிப்பது, இப்படி.

பிளானர் மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகடு ஆணியடித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் குதிரைத்திறன், வோல்டேஜ், ஆம்பியர், சுற்றுவேகம் ஆகியவை தெரியும். பேண்ட்சாவைத் தளர்த்திய மறுநாள் அந்தத் தகட்டை மட்டும் துடைத்து, அதிலுள்ள எண்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். அது ஒரு ஃபேஸ் மோட்டாரா மூன்று ஃபேஸா என்பதும், என்ன அளவுக் கண்டென்சர் கேட்க வேண்டும் என்பதும் அதை வைத்துச் சொல்லிவிடுவேன்.